பேரேட்டில் பெயர் உண்டு, பட்டியலில் இல்லை!



ஆண்டு முடிந்தால் நாம் இருப்பு எடுக்கிறோம். மூட்டைகளை எண்ணி, எடை பார்த்து, எலி கடித்துச் சிந்தியதைக்கூடக் கழித்து எழுதுகிறோம். பேரேட்டில் ஒரு பற்று விட்டுப்போனால் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், நம்முடைய பெயரும் நம் கடைப் பிள்ளைகளின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கின்றனவா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

நாமும் பார்க்காதவர்தாம். பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் கழித்த பிறகு நமக்கு வந்த புத்தி இது. எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மக்களவைத் தேர்தல் நாள். நமது கடையில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை, காலையிலேயே வெள்ளை வேட்டி உடுத்து வாக்களிக்கச் சென்றார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, அடைத்திருந்த கடையின் திண்ணையில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நான் ஊரில் இல்லையாம்!" என்றார். முந்தைய ஆண்டு அவர் இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தார். பழைய வீட்டில் விசாரித்தபோது யாரோ "காலி செய்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார்கள், பெயர் நீக்கப்பட்டுவிட்டது. புதிய முகவரியில் சேர்க்க அவர் விண்ணப்பிக்கவும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை கடைகளின் வரவு செலவும் மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத் தம் பெயர் போனது தெரியவில்லை.

குற்றம் யாருடையது? விசாரிக்க வந்தவர் மேல் பாதி என்றால், மீதிப் பாதி நம் மேல்தான். இருப்பு எடுக்காதவன் திருட்டுப் போயிற்று என்று அழுது பயன் இல்லை.

ஒரு வாக்கால் என்ன?

"ஒருவர் போடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்பவர் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். அங்கே ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலை செய்வோர் அதைவிட அதிகம் இருப்பார்கள். 2016இல் இராதாபுரத்தில் வித்தியாசம் 49. ராஜஸ்தானில் நாத்வாரா தொகுதியில் 2008இல் ஒரே ஒரு வாக்கில் வெற்றி தோல்வி முடிவாயிற்று. ஒரு பைசா வித்தியாசத்தில் கொள்முதல் கைநழுவிப் போவதைப் பார்த்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் பதிவான வாக்குகள் 69.72 விழுக்காடு. தர்மபுரித் தொகுதியில் 81 விழுக்காட்டைத் தாண்டியது. கடைகளும் கச்சேரிகளும் கல்லூரிகளும் நிறைந்த மத்திய சென்னையிலோ 54 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. காட்டு வழி நடந்து வருகிறவர் வாக்களிக்கிறார். வாசலில் சாவடி உள்ளவர் உறங்குகிறார்.

மாவு மில் முதலாளி செய்த காரியம்

கட்சி சாராத பொதுமக்கள் ஒன்றுகூடி வாக்குரிமையைக் காப்பது நடக்கிற காரியமா என்ற ஐயம் நமக்கும் இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் கதையை அறிந்த பிறகு அது தீர்ந்தது.

அந்த நாட்டில் மார்க்கோஸ் ஆட்சிக் காலத்தில் தேர்தல் என்றாலே மக்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று. 1983இல் 'நாம்ஃப்ரல்' என்ற குடிமக்கள் இயக்கம் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஹோசே கான்செப்சியோன். அவர் அரசியல்வாதி அல்லர். மாவு மில் நடத்திய தொழிலதிபர். நம் இனத்தவர் என்றே சொல்லலாம்! வணிகர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள் என்று எல்லாரும் சேர்ந்தனர்.

1986 பிப்ரவரி 7 அன்று அதிபர் தேர்தல். ஏறத்தாழ ஐந்து இலட்சம் தொண்டர்கள் வாக்குச் சாவடிகளில் நின்றார்கள். அவர்கள் செய்தது நம் தொழிலில் அன்றாடம் நடக்கிற வேலைதான். ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்ததும் கணக்குத் தாளின் படியை வாங்கிக் கொண்டு வந்து, தனியாகக் கூட்டிப் பார்த்தார்கள். எடைமேடைச் சீட்டை வைத்துக்கொண்டு லாரிக்காரன் கணக்கைச் சரிபார்ப்பதுபோல! பிப்ரவரி 9 அன்று, அரசுத் தேர்தல் ஆணையத்தின் கணிப்பொறிப் பணியாளர் முப்பதுக்கு மேற்பட்டோர், தாங்கள் பதியும் எண்ணுக்கும் வெளியே காட்டப்படும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லை என்று வேலையை விட்டு வெளியேறினர். அரசு தரப்பின் கணக்கில் மார்க்கோஸ் வெற்றி. தொண்டர் கணக்கில் அக்கினோ அம்மையார் முன்னணி. இரண்டு கணக்கும் நாட்டின் முன் நின்றன. பிப்ரவரி 25 அன்று மார்க்கோஸ் நாட்டை விட்டுச் சென்றார். மக்கள் திரளும் படையின் ஒரு பகுதியும் எழுந்து நின்றதால் அது நடந்தது. ஆயினும் எழுந்தவர் கையில் ஒரு கணக்கு இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் இத்தகைய பணிக்குக் குறைவில்லை. ஆமதாபாத் நிர்வாகவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999இல் 'ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்' தொடங்கினர். வேட்பாளரின் வழக்கு, சொத்து, கல்வி விவரங்களை வாக்காளர் அறிய வேண்டும் என்று நீதிமன்றம் சென்றனர். 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2003 மார்ச் 13 தீர்ப்பால் அது உறுதியாயிற்று. இன்று வேட்பாளர்கள் பிரமாணப் பத்திரம் தருவது அந்த விதையில் விளைந்ததே. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று வந்த தீர்ப்பால்தான் 'இவர்களில் எவருமில்லை' என்ற பொத்தான் கிடைத்தது. சரக்கைப் பார்க்காமல் வாங்குவோமா? பார்த்து வாங்கும் உரிமையை நமக்குப் பெற்றுத் தந்தவர்கள் அவர்கள்.

நம் வீதியில் செய்தது

கணக்குப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு நாம் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பஜாரில் ஐந்தாறு கடைக்காரர்கள் கூடிப் பேசினோம். மாலை வேளையில் ஒரு மணி நேரம், ஒரு மேசை, ஒரு நாற்காலி, கைப்பேசி பார்க்கத் தெரிந்த ஒரு பையன், இவ்வளவுதான் ஏற்பாடு. கடைப் பையன்கள், சுமை தூக்குவோர், தட்டு வண்டிக்காரர், வாசலில் காய்கறி விற்கும் அம்மாக்கள் எல்லாரும் தம் அடையாள அட்டையைக் கொண்டு வந்து பெயர் பார்த்தார்கள். அட்டை இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. அப்படிச் சிலரைக் கண்டோம். கணக்குப்பிள்ளைதான் முதல் விண்ணப்பம்.

2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது இந்த மேசையின் அருமை தெரிந்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில், முன்பு 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன. இறந்தவர், இரட்டைப் பதிவு, இடம் மாறியவர் என்று நீக்கம். இறந்தவர் பெயர் போவது நியாயம்தான். பட்டியலில் பதர் இருந்தால் புடைக்கத்தான் வேண்டும். ஆனால் புடைக்கும்போது மணியும் சிதறும். சிதறிய மணியைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் நம்மைப் போன்றோர் வேலை. இம்முறை கணக்குப்பிள்ளை வரைவுப் பட்டியல் வந்த அன்றே பார்த்துவிட்டார். பெயர் இருந்தது. அன்று மேசையில் இருந்த எல்லாருக்கும் அவர் செலவில் தேநீர்.

உறுப்பினர்கள் அறிய வேண்டியவை

1. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிரம்பியவர் சேரலாம். விவரம் கேட்கத் தொலைபேசி எண் 1950.

2. விண்ணப்பம் தள்ளுபடியானால் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

3. வெளியூரிலிருந்து வந்து கடையிலேயே தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஊரில்தான் பெயர் இருக்கலாம். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே. இரண்டு ஊரில் வைத்துக்கொண்டு பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

4. நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுகொண்டு திரும்ப வேண்டாம். நாம்தாம் உண்மை வாக்காளர் என்பதைத் தலைமை அலுவலரிடம் நிறுவினால், தேர்தல் நடத்தை விதி 49பி-யின்படி அச்சிட்ட வாக்குச் சீட்டுத் தருவார். அது தனி உறையில் வைக்கப்படும். வழக்கு என்று வந்தால் அந்தச் சீட்டு பேசும்.

5. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது 1996இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு தந்த உரிமை. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறினால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். ஐந்நூறுதானே என்று கணக்குப் போடும் உறுப்பினர் எவரும் நம் சங்கத்தில் இருக்கக் கூடாது.

பணம் பாயும் தேர்தலும் நம் பாடும்

தேர்தல் வந்தால் நமக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை நிறுத்துகிறது. கொள்முதலுக்குப் போகிறவர் பணத்தைப் பறிகொடுத்து, ரசீதும் வங்கிக் கணக்கும் காட்டி மீட்க அலைகிறார். இதற்குக் காரணம் என்ன? 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019இல் வேலூரிலும் பண வினியோகப் புகாரால் தேர்தலே நின்றுபோனது. வாக்கு விலைக்குப் போகிற வரையில் நம் மடியில் கை வைப்பதும் நிற்காது. வாக்கை விற்காதே என்று நாலு பேரிடம் சொல்வது நம் தொழிலுக்கும் காப்பு. அதுவரை, ரொக்கத்துடன் செல்வோர் வங்கியில் எடுத்த சீட்டையும் கொள்முதல் பட்டியலையும் உடன் வைத்திருப்பது நலம்.

ஒரு கட்டுப்பாடு

கடைசியாக ஒன்று. மேசை போட்ட மூன்றாம் நாளே நண்பர் ஒருவர் வந்து, "இவ்வளவு பேர் வருகிறார்களே, நம்ம ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். நெடுநாள் நண்பர், பெரிய வாடிக்கையாளரும்கூட. முடியாது என்றோம். இரண்டு மாதம் நம் கடைப் பக்கம் வரவில்லை; வியாபாரத்தில் நட்டம்தான். ஆனால் அன்று தலையாட்டியிருந்தால் மறுநாள் அந்த மேசைக்குப் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். தராசைப் பிடிக்கிறவன் கை ஒரு தட்டில் சாயக் கூடாது. நம் கடைக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே படி, ஒரே எடை. மேசையில் கொடி வேண்டாம், சின்னம் வேண்டாம், வேட்பாளர் பெயரும் வேண்டாம். யாருக்கு என்பது அவரவர் மனம். போட முடிய வேண்டும் என்பது நம் பணி.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை, தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று, தன் வீதியில் ஒரு மேசை போட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். செலவு ஒரு நாள் தேநீர்க் காசு. இருப்பு எடுக்கும் கையோடு, கடையில் உள்ளவர் பெயரையும் ஒருமுறை பட்டியலில் பார்த்துவிடுங்கள். அடுத்த தேர்தலில் நம் வீதியில் ஒருவர்கூட "நான் ஊரில் இல்லையாம்" என்று திரும்பி வந்து திண்ணையில் உட்காரக் கூடாது.