கொல்லையில் ஒரு நிழல்

உங்கள் வீட்டுக் கொல்லையில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெறும் காலோடு நிற்க முடியுமா? முடியாது என்றால், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வலியசாலை இருக்கிறது. அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. கிள்ளியாறு பக்கத்தில் ஓடுகிறது. கோயிலை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முன்னால் திண்ணை. உள்ளே கூடம். பிறகு அடுக்களை. அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும்.

இந்தக் கொல்லைக்கு அகலம் குறைவு. இதில் தோட்டம் போட முடியுமா? முடியும். ஒரு மரமும் ஒரு பந்தலும் போதும்.

யாருக்கு இந்த நிழல்?

கேரளத்தில் கோடை வந்ததும் தொழிலாளர் துறை ஓர் உத்தரவு போடும். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. இது நல்ல உத்தரவு.

ஆனால் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு எந்த உத்தரவு இருக்கிறது? துணி துவைப்பதும் அங்கேதான். மாவு ஆட்டி முடித்த கல்லைக் கழுவுவதும் அங்கேதான். அவருக்கு ஓய்வு நேரம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு நாம் கொடுக்கக்கூடியது நிழல். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே நிழல் உதவும்.

கொல்லை ஏன் கொதிக்கிறது?

இப்போது பல வீடுகளில் கொல்லை முழுவதும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. மழைக் காலத்தில் சேறு ஆகாது. கூட்டுவது சுலபம். ஆனால் சிமென்ட் தரை பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். இரவில் அந்தச் சூட்டை மெதுவாக வெளியே விடும். அதனால்தான் இரவு பத்து மணிக்கும் அடுக்களை வெந்துகொண்டிருக்கிறது.

மரம் அப்படி இல்லை. வேர் மண்ணிலிருந்து நீரை எடுக்கிறது. இலை அந்த நீரை ஆவியாக வெளியே விடுகிறது. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மரமும் அதே வேலையைச் செய்கிறது. தகரக் கூரையும் நிழல் தரும். ஆனால் தகரம் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழேயும் அனுப்பும். மரத்து நிழல் குளிர்ந்த நிழல்.

கிணற்றுக்கும் கணக்கு உண்டு

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கொல்லையை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆண்டில் விழும் மழை சுமார் 33,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 2,200 குடம்!

தரை சிமென்ட் என்றால் இந்த நீர் சாக்கடைக்குப் போகும். மண் என்றால் ஒரு பகுதி பூமிக்குள் இறங்கும். மரத்துக்கும் கிணற்றுக்கும் அது உதவும்.

சூரியனைக் கவனியுங்கள்

நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சித்திரை பிறக்கும் நாளை, விஷு நாளை ஒட்டி, ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். பகல் 12 மணி 20 நிமிட அளவில் பாருங்கள். குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த நாட்களில் திருவனந்தபுரத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது.

பிறகு மூன்று மணிக்குப் பாருங்கள். வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வரும். சுவரையும் அடுக்களையையும் சுடுவது இந்த வெயில்தான்.

ஆகவே உச்சி வெயிலுக்குப் பந்தல். சாயும் வெயிலுக்கு மேற்குப் பக்கம் மரம். மேற்கில் மரத்துக்கு இடம் இல்லையா? அந்தச் சுவர் ஓரம் கயிறு கட்டிக் கொடி ஏற்றுங்கள்.

எப்படிச் செய்வது?

1. சிமென்ட் முழுவதையும் உடைக்க வேண்டாம். மரம் நடும் இடத்தில் மூன்றடிச் சதுரம் மட்டும் உடையுங்கள். புதிதாகத் தளம் போடுவதானால் கல்லையோ செங்கல்லையோ இடைவெளி விட்டுப் பதியுங்கள். இடைவெளியில் மணல் நிரப்புங்கள். சேறும் இருக்காது. நீரும் இறங்கும்.

2. இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் குழி எடுங்கள். மேல்மண், மக்கிய சாணம், காய்ந்த இலை ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள்.

3. ஜூன் மாதம் மழை தொடங்கியதும் நடுங்கள். மலையாளத்தில் இடவப்பாதி என்கிறோமே, அந்த மழை. பிறகு ஐப்பசியில் துலா மழையும் வரும். இரண்டு மழையும் கன்றுக்கு நீர் ஊற்றும். உங்களுக்குச் சுமை குறையும்.

4. சின்ன இடத்துக்குச் சின்ன மரம். கொய்யா நல்லது. கறிவேப்பிலையும் பவழமல்லியும் நல்லவை. சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நடுங்கள். சீக்கிரம் நிழல் வேண்டுமா? முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றுங்கள். ஓராண்டுக்குள் லேசான நிழல் கிடைக்கும். முருங்கைக் கிளை எளிதில் ஒடியும். குழந்தைகளை ஏற விடாதீர்கள்.

5. பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே பந்தல் போடுங்கள். நான்கு கால், குறுக்கே மூங்கில், கயிறு. எட்டடி உயரம் போதும். கோவைக்கொடி ஏற்றினால் சில மாதங்களில் மூடிவிடும். காயும் கிடைக்கும். பூ வேண்டுமென்றால் பிச்சிக்கொடி ஏற்றுங்கள்.

6. மரத்தடியில் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்புங்கள். ஈரம் காயாது. அரிசி கழுவிய நீரை மரத்துக்கு ஊற்றுங்கள். சோப்பு நீரை வாழைப் பக்கம் விடுங்கள்.

கொம்பும் கொடியும் பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். கன்றுக்கும் விதைக்கும் கிருஷி பவனில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் எழும் கேள்விகள்

“அம்மா, இலை விழுந்தால் யார் பெருக்குவது?” என்று மருமகள் கேட்பாள். நியாயமான கேள்வி. பெருக்கிய இலையை மரத்தடியிலேயே போட்டால் அது எருவாகும். ஆனால் பெருக்கும் வேலை பெண்ணுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். நிழல் எல்லோருக்கும். துடைப்பமும் எல்லோருக்கும்.

வேர் சுவரை உடைக்காதா? ஆலும் அரசும் உடைக்கும். சுவர் வெடிப்பில் அவை முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். கொய்யாவுக்கு அந்தப் பயம் குறைவு. கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் மட்டும் எந்த மரமும் வேண்டாம்.

கொசு வராதா? கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காய விடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் தவறாமல் கவிழ்த்தால் அது பறக்காது.

பாம்பு வராதா? விறகும் ஓடும் குவிந்து கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். குவியலை அகற்றுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால்? சுவர் இருவருக்கும் பொது. நடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பக்கம் சாயும் கிளையின் காய் அவருக்கு என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் வைக்காதீர்கள். கம்பிக்குப் பக்கத்தில் இரும்புத் துறட்டியால் காய் பறிக்காதீர்கள். உயிர் போகும்.

அரளி அழகான செடி. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். செம்பருத்தி வையுங்கள்.

இன்று நட்டால் நாளை நிழல் வராது. பந்தலுக்குச் சில மாதம். கொய்யாவுக்கு இரண்டு மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு மரத்தடியில் ஒரு துவைகல்லும் உட்கார ஒரு பலகையும் போடுங்கள். தேய்க்கும் கைக்கு வேலை அதேதான். ஆனால் தலையில் வெயில் இல்லை. பேச்சுத் துணைக்குப் பாட்டியும் வந்து உட்காருவாள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் கொல்லையில் மத்தியான வெயிலில் வேலை செய்பவர் யார்?

அவர் தலைக்கு மேலே நிழல் வர எந்த இடத்தில் பந்தல் போடலாம்?

உங்கள் கொல்லையின் நீளம், அகலம் எவ்வளவு? அதில் ஆண்டுக்கு எத்தனை குடம் மழை விழும்? கணக்குப் போட்டு எழுதுங்கள்.