கறுப்புப் பாறையில் கால் வைக்காதீங்க... கனடா கலங்கரை விளக்கமும் நம்ம ஊர் கள்ளக்கடலும் சொல்வது என்ன?

வெள்ளை நிறக் கோபுரம், தலையில் சிவப்புத் தொப்பி போல விளக்கு அறை, சுற்றிலும் வழவழப்பான பாறை, அதற்குக் கீழே அட்லாண்டிக் கடல். கனடா போய்வந்தவர்களின் போட்டோக்களில் இந்த இடத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஊரின் பெயர் பெக்கீஸ் கோவ். நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் இருந்து சுமார் 43 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் குட்டி மீனவ கிராமம் இது. கனடாவில் அதிகம் படம் எடுக்கப்படும் கலங்கரை விளக்கங்களில் இதுவும் ஒன்று.

ஆனால், அங்கே போனால் கண்ணில் படுவது அழகு மட்டும் இல்லை. பாறையில் கவனம் இல்லாமல் நடந்தவர்கள் காயப்பட்டிருக்கிறார்கள், உயிரிழந்திருக்கிறார்கள், எனவே கடலைத் தள்ளி நின்று ரசியுங்கள் என்று எச்சரிக்கும் பலகையும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அறிவுரை இன்னும் சுருக்கமானது: 'கறுப்புப் பாறைக்குப் போகாதீங்க.'

அது என்ன கறுப்புப் பாறை? அலை தூரத்தில்தானே இருக்கு, நின்னா என்ன ஆகும்? பார்க்கலாம்.

கலங்கரை விளக்கம் ஏன் அங்கே இருக்கு?

கப்பலுக்கு ஆபத்தான இடங்களில்தான் பெரும்பாலும் கலங்கரை விளக்கம் கட்டுவார்கள். 'இங்கே பாறை இருக்கு, விலகிப் போ' என்று இரவில் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒளியின் நிறம், மின்னும் கால இடைவெளி தனித்தனி. அதை வைத்தே எந்தக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று மாலுமி கண்டுபிடித்துவிடுவார்.

பெக்கீஸ் கோவில் முதன்முதலில் 1868-ல் ஒரு மர வீட்டின் கூரை மேல் விளக்கு வைத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் எண்கோணக் கோபுரம் 1915-ல் வந்தது. உயரம் சுமார் 15 மீட்டர். 1958-ல் விளக்கு தானியங்கி ஆனது. அதன்பிறகு வெள்ளை, பச்சை என நிறம் மாறி, 2007-ல் இருந்து சிவப்பாக ஒளிர்கிறது. இந்தக் கோபுரத்துக்குள் கோடைக் காலத்தில் ஒரு தபால் நிலையமே இயங்கியது என்பது கூடுதல் தகவல். 2009-ல் அது மூடப்பட்டது.

ஆக, கலங்கரை விளக்கம் என்பதே ஒரு எச்சரிக்கைப் பலகைதான். கப்பலை விலகிப் போகச் சொல்லும் அதே பாறையில் நின்றுதான் நாம் செல்ஃபி எடுக்கிறோம்!

கறுப்புப் பாறை என்றால் என்ன?

இங்கே இருப்பது சுமார் 38 கோடி ஆண்டுகள் பழமையான கிரானைட். பனியுகத்தில் பனியாறுகள் இதன் மேல் நகர்ந்து போனதில், பாறையின் மேற்பரப்பு தேய்ந்து வழவழப்பானது. அந்தப் பனி இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன பெரிய பெரிய உருண்டைக் கற்களும் ஆங்காங்கே கிடக்கின்றன.

மேலே இருக்கும் பாறை வெளிர் நிறமாக இருக்கும். கடலை நெருங்க நெருங்க நிறம் கறுக்கும். தண்ணீர் பட்டுப் பட்டு பாசி படிந்ததே காரணம். அதாவது, கறுப்பு நிறம் எதுவரை இருக்கிறதோ அதுவரை அலை வரும் என்று அர்த்தம். நீங்கள் போகும் நேரத்தில் அந்த இடம் காய்ந்து கிடந்தாலும் சரி, அலை அங்கே வந்து போயிருக்கிறது, இனியும் வரும்.

கால் வழுக்கி கடலுக்குள் விழுந்தால் மூன்று சிக்கல்கள். ஒன்று, வழவழப்பான பாறையில் பிடித்து ஏற எதுவும் இல்லை. இரண்டு, அடுத்த அலை வந்து ஆளைப் பாறையில் மோதவைக்கும். மூன்று, தண்ணீரின் குளிர். திடீரெனக் குளிர்ந்த நீரில் விழுபவருக்கு மூச்சு இரைக்கும், தண்ணீர் உள்ளே போகும். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான்.

கடல் அமைதியா இருக்கே... திடீர்னு எப்படி அலை வருது?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கரையில் காற்று இருக்காது, வெயில் அடிக்கும். ஆனால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலைகள் பயணம் செய்து வந்துகொண்டே இருக்கும். எல்லா அலையும் ஒரே உயரம் கிடையாது. ஒன்றோடு ஒன்று சேரும்போது, பத்து நிமிடமாக வந்த அலைகளைவிடப் பெரிய அலை ஒன்று திடீரென எழும்.

மணல் கடற்கரையில் ஆழம் மெதுவாகக் குறைவதால், பெரிய அலை தூரத்திலேயே உடைந்து பலம் இழக்கும். பாறைக் கரையில் பல இடங்களில் ஆழம் சட்டென இறங்கும். அதனால் அலை முழு பலத்தோடு நேராகப் பாறை மேல் ஏறுகிறது.

2009 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் உள்ள அக்காடியா தேசியப் பூங்காவில் நடந்தது இதுதான். பில் சூறாவளி கடலில் கடந்து சென்றபோது, அலையை வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் பாறைக் கரையில் கூடினர். ஒரு பெரிய அலை பலரை அடித்துச் சாய்த்தது. கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டவர்களில் 7 வயதுச் சிறுமி உயிரிழந்தார்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கேரளா, கன்னியாகுமரி பகுதியில் 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் சொல்வதும் இதே மாதிரியான அலைதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருவாகும் அலை, திருடனைப் போல சத்தமில்லாமல் நம் கரைக்கு வந்து ஏறுகிறது. மீனவர்களின் இந்தச் சொல்லை யுனெஸ்கோவும் 2012-ல் ஏற்றுக்கொண்டது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். தென் கடலோரத்துக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. அது மணல் கடற்கரை. 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்த முட்டம் போன்ற பாறைக் கரைகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

அப்போ, போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். பெக்கீஸ் கோவில் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்கும்படி 2021-ல் ஒரு பார்வை மேடை திறக்கப்பட்டது. நடக்க விரும்புபவர்களுக்குப் பக்கத்திலேயே பாலீஸ் கோவ் பாதை இருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் அருகே கிறிஸ்டல் கிரசன்ட் கடற்கரையில் இருந்து பென்னன்ட் முனை வரை போய்வர 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். அந்தக் கரையில் இருந்து பார்த்தால் சாம்ப்ரோ தீவின் கலங்கரை விளக்கம் தெரியும். 1758-ல் கட்டப்பட்ட அதுதான், அமெரிக்கக் கண்டங்களில் இன்றும் நிற்கும் மிகப் பழமையான கலங்கரை விளக்கம்.

பெக்கீஸ் கோவுக்கு அருகே இன்னொரு இடமும் உண்டு. 1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ்ஏர் 111 விமானம் இந்தக் கடலில் விழுந்து 229 பேர் உயிரிழந்தனர். முதலில் படகை எடுத்துக்கொண்டு தேடப் போனவர்களில் உள்ளூர் மீனவர்களும் உண்டு. அந்த நினைவிடத்தில் நின்று கடலைப் பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நிற்பார்கள்.

பாறைக் கரைக்குப் போகிறீர்களா? இதை மறக்காதீங்க

* கிளம்பும் முன் வானிலையோடு கடல் அலை எச்சரிக்கையையும் பாருங்கள். இந்தியாவில் இன்காய்ஸ் எனப்படும் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதை வெளியிடுகிறது.
* கறுப்பாக, ஈரமாக, பாசியாக இருக்கும் பாறையில் கால் வைக்க வேண்டாம்.
* போனதும் பாறையில் இறங்காமல், கொஞ்ச நேரம் மேலே நின்று அலை எதுவரை வருகிறது என்று கவனியுங்கள்.
* கடலுக்கு முதுகைக் காட்டி போட்டோ எடுக்க வேண்டாம். குழந்தைகளின் கையை விடவே கூடாது.
* செருப்பு வேண்டாம். பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள்.
* யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள். உடனே 112 அல்லது கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழையுங்கள்.

உள்ளூர் மீனவர் யாராவது 'அங்க போகாதீங்க' என்று சொன்னால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் முதலில் மேலே ஏறி வந்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.