பொரிக்காத தாரா முட்டைக்குள் இருக்கும் விடை

கோழி முட்டை 21 நாள்களில் பொரிக்க, தாரா முட்டைக்கு 28 நாள்களும் மஸ்கோவித் தாராவின் முட்டைக்கு ஏறக்குறைய 35 நாள்களும் தேவைப்படுவதால், பிழை நுழைவதற்கான காலமும் அதற்கேற்ப நீள்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீட்டு மூலையில் சிறிய அடைகாக்கும் பொறியை வைத்திருப்பவர் குஞ்சு குறையும்போது பொறியையே முதலில் ஐயுறக்கூடும். ஆயினும் முளையம் எந்த நாளில் இறந்தது என்பதை அறிந்தால், காரணம் பெரும்பாலும் தானே புலப்படும்.

ஏழாம் நாளில் இருட்டறையில் முட்டையை விளக்கொளிக்கு முன் பிடிக்கையில், சிலந்தி வலைபோல் இரத்தக் குழாய்கள் விரிந்திருந்தால் முளையம் உயிரோடுள்ளது. ஒற்றை இரத்த வளையம் தெரிந்தால் அது தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. உள்ளே வெறுமையாக இருப்பின், முட்டை கருக்கட்டாததாக இருக்கலாம். அக்குறை ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் தாரா என்ற அளவு பேணப்படாத மந்தையைச் சார்ந்ததேயன்றிப் பொறியைச் சார்ந்ததன்று.

தொடக்க இறப்புக்குக் கொழும்பின் வெப்பமும் காரணமாகலாம். ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு மேல் முளையம் மெல்ல வளரத் தொடங்குவதால், 27 பாகையை ஒட்டிய அறையில் நாட்கணக்கில் சேர்த்துவைக்கப்படும் முட்டை அரைகுறையாக விழித்து நலிகிறது. 13 முதல் 15 பாகையில் ஒரு வாரத்துக்கு மேற்படாமல் சேமிப்பதே முறை. அவ்வசதி இல்லாதவர் இரண்டு மூன்று நாள்களுக்குள் அடைவைத்துவிடுவது நன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையாயின், கூரிய முனை கீழிருக்க ஒரு நாள் அசையாமல் வைத்த பின்னரே பொறியில் இடவேண்டும்.

அடுத்த சிக்கல் ஈரம். 27 பாகையில் 80 சதவீதச் சார் ஈரப்பதன், அதாவது வளி தாங்கக்கூடிய நீராவியில் ஐந்தில் நான்கு பங்கு, கொண்ட வளி பொறிக்குள் 37.5 பாகைக்குச் சூடாகும்போது, நீராவியின் அளவு மாறாதிருந்தும் சார் ஈரப்பதன் ஏறத்தாழ 44 சதவீதமாகக் குறைகிறது. முதல் 25 நாள்களுக்கு வேண்டிய 55 சதவீதத்தை எட்டச் சிறிதளவு நீரே போதுமாயிருக்க, தட்டு நிறைய ஊற்றினால் முட்டையின் ஈரம் வெளியேறாமல் வளியறை சிறுத்து, குஞ்சு உள்ளேயே மூச்சடைத்து இறக்கிறது. 70 கிராம் முட்டை 25ஆம் நாளில் ஏறத்தாழ 9 கிராம் குறைந்திருக்க வேண்டுமாதலால், சமையலறைத் தராசே இங்கு நம்பகமான கருவியாகிறது.

இறுதி மூன்று நாள்களில் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதனை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். இடையில் மூடியைத் திறந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டதுபோன்ற மின்வெட்டு நேரும்போது, பொறியைத் துணியால் போர்த்துவது வெப்பத்தைக் காக்கும். எனினும் வளர்ந்த முளையம் தானே வெப்பத்தை உண்டாக்கி ஒட்சிசனையும் மிகுதியாக நுகர்வதால், காற்றுத்துளைகளை அடைக்கலாகாது.

பொரிக்காதவற்றை எறியுமுன் கோதை உடைத்துப் பார்ப்பது அவசியம். முழுதாக வளர்ந்து நீர்கோத்த குஞ்சு மிகையான ஈரத்தையும், உலர்ந்த சவ்வு ஈரக்குறைவையும், நாற்றமெடுத்த கூழ்முட்டை பற்றீரியா புகுந்த அழுக்குக் கூட்டையும் காட்டுகின்றன. அடுத்த அடையில் எதைத் திருத்த வேண்டும் என்பதை இவற்றின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.