பசுவின் வயிற்றில் நமது குப்பை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் மிகுதி. அங்கு மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடைக் காலத்தில்தான் பணம் தரும். மற்ற நாள்களில் மளிகைக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது பால் பணம். அத்தகைய வீட்டில் கறவை மாடு தீவனம் எடுக்காமல் நின்றுவிட்டால், அன்றாட வருவாயும் நின்றுவிடும். அதற்கு நாம் வீசும் குப்பையும் ஒரு காரணம்.

ஆடு உதட்டால் தெரிந்தெடுத்துத் தின்னும். பசுவும் எருமையும் தீவனத்தை நாக்கால் சுழற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பின்னரே அசைபோடும். அதனால் ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, நெகிழிப் பை ஆகியனவும் உள்ளே சென்றுவிடுகின்றன. உடலில் பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் குறைந்தால், மாடு கண்டதையும் மெல்லத் தொடங்கும்.

கம்பியும் ஆணியும் தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்ட வயிற்றறையில் தங்குகின்றன. அதையொட்டி உதரவிதானம், அதற்கு அப்பால் இதயம். வயிறு சுருங்கும்போதும், சினைக்காலத்தில் கருப்பை அழுத்தும்போதும் கம்பி முன்னோக்கி நகர்ந்து இதய உறையைத் துளைக்கக்கூடும். பால் திடீரெனக் குறைதல், முதுகை வளைத்து நிற்றல், சரிவில் இறங்கத் தயங்குதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். தாடைக்கு அடியிலும் முன்மார்பிலும் வீக்கம் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது.

நெகிழி குத்துவதில்லை, அடைக்கிறது. செரிக்காமல் பெருவயிற்றில் திரண்டு, தீவனத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவை அகற்றினர். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசின் தடை அவ்வாண்டு ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்தது. தடை புதிய பைகளைக் குறைக்கலாம்; மண்ணிலும் வயிற்றிலும் ஏற்கெனவே சேர்ந்ததை அகற்றாது.

ஒருவர் செயலின் செலவை அதில் தொடர்பில்லாத மற்றொருவர் ஏற்க நேர்வதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். மாட்டின் இழப்பு, பையைக் கொடுத்த கடைக்காரர் கணக்கிலும் ஏறுவதில்லை. வீசியவர் கணக்கிலும் ஏறுவதில்லை. மாட்டைக் கட்டிவைத்து வளர்க்கலாமே எனக் கேட்கலாம். தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கச் சிறு விவசாயியால் இயலாது. மேலும், வைக்கோலோடு வரும் கம்பி தொழுவத்து மாட்டையும் விடுவதில்லை.

தீர்வுகள் எளியவை. தீவனத்தில் காந்தத்தை ஓட்டி எடுக்கலாம். மாட்டின் வயிற்றிலேயே தங்கி இரும்பைப் பற்றிக்கொள்ளும் காந்தமும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் செலுத்தலாம். தாது உப்புக் கலவை அன்றாடத் தீவனத்தில் இடம்பெற வேண்டும். கட்டடம் கட்டுவோர் கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கி அகற்றுவதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்கலாம்.

நம் பங்கு இன்னும் சிறியது. உணவுக் கழிவைப் பையில் முடிந்து வீசாமல் இருந்தாலே போதும். உள்ளே இருக்கும் சோற்றின் மணத்துக்காகவே மாடு பையோடு விழுங்குகிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கைகள் இல்லை.