புள்ளிக் கோலமும் கணினியும்

தைப்பொங்கல் நாளிலே, கெலிஓயாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தமிழர்தம் இல்ல வாயில்களிற் கோலம் பொலியும். அவற்றுள், புள்ளிகளைச் சுற்றிக் கம்பிபோல் வளைந்து செல்லும் கோலத்திலே அரிய கணக்கொன்று மறைந்து கிடக்கின்றது. புள்ளிகள் யாவற்றையும் சூழ எத்தனை இழைகள் வேண்டும்? கையெடாது ஓரிழையால் முடியுமா? இவ்வினாவைக் கணினியின் துணையால் விடுவிக்குமாற்றை ஈண்டு யாம் விளக்க முற்படுகின்றோம்.

வரிசைக்கு 5 புள்ளியாக 4 வரிசை கொள்வோம். கட்டத்தாளில் 10 கட்ட நீளமும் 8 கட்ட அகலமும் உடைய செவ்வகம் வரைக. ஓரத்தினின்றும் ஒரு கட்டம் உள்ளேயும், தமக்குள் இரு கட்ட இடைவெளியிலும் புள்ளிகள் அமையும். இழையின் வளைவுகளைச் சாய்கோடுகளாகக் கருதுக. மூலையிலிருந்து ஒரு கட்டம் தள்ளி, ஓரத்திற் புறப்படும் இழை, அடிக்கொரு கட்டமாகக் குறுக்கே சென்று, ஓரத்தை எய்தியதும் ஆடியிற் பட்ட ஒளிபோல் திரும்பும்.

கணினிக்கு இடும் கட்டளைகள் நான்கே: ஓரடி செல்க, ஓரம் வரின் திரும்புக, கடந்த கட்டத்தைக் குறித்துக்கொள்க, புறப்பட்ட இடத்தை அதே திசையில் அடையின் ஓரிழை என எண்ணுக. குறிபடாத கட்டம் எஞ்சின், அங்கிருந்து மீண்டும் தொடங்குக.

மேற்கூறிய கோலத்தில் 80 அடிகளில் 80 கட்டங்களும் அடங்கும். ஆகவே இழை ஒன்றே. 6க்கு 4 ஆயின் 96 கட்டங்கள். ஓரிழை 48 அடிகளில் மீளுமாதலின் இழைகள் இரண்டு. 4க்கு 4 ஆயின் நான்கு. இவை அவ்வவ் வெண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதே அன்றோ!

காரணம் யாதெனின், 10 கட்ட நீளத்தைச் சென்று மீள 20 அடியும், 8 கட்ட அகலத்தைச் சென்று மீள 16 அடியும் வேண்டும். இரண்டும் ஒருங்கே நிறைவது அவற்றின் பொது மடங்குகளுட் சிறியதாகிய 80இல். மொத்தக் கட்டங்களை இவ்வெண்ணால் வகுக்க, இழைகளின் தொகை கிடைக்கும்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, 1974இல் கோலத்திற்குரிய வரிசை இலக்கணத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். எழுத்துச் சேர்ந்து சொல்லாதல்போலச் சிறுவடிவங்கள் விதிவழிச் சேர்ந்து கோலமாகும் என்பது, தமிழ் பயிற்றும் எமக்குப் பேருவகை தருவதாகும்.

கணினி எண்ணித் தரும். ஏன் என்று வினவுதல் மாந்தர்க்கே உரியது. விடையை மட்டும் பெற்று அமைவோர் கணக்கைக் கற்றவராகார். கணிதம் பிறர்க்குரியதென ஒதுங்கும் மாணவர், தம் அன்னையர் நாள்தோறும் வாயிலில் எழுதி அழித்த கணக்கை ஒருமுறை உற்றுநோக்குவாராக.