வலிமாத்திரையும் எலும்பும்

மருந்துவாழ்மலைக்கு அருகிலுள்ள மயிலாடியில், வழிவழியாகக் கல்லில் தெய்வத் திருமேனிகளை வடித்துவரும் சிற்பிகளின் பட்டறைகளில், பகல் முழுதும் குனிந்தமர்ந்து உளியும் சுத்தியலுமாகப் பாடுபடுகிறவருக்கு, அந்தி சாயும் வேளையில் இடுப்பும் மணிக்கட்டும் நோவெடுப்பது இயல்பே. மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் உளியெடுப்பது, அவர்களிடம் மட்டுமன்றி நம் நாட்டு உழைப்பாளிகள் எல்லாரிடத்தும் உள்ள வழக்கம். அந்த மாத்திரை எலும்பை என்ன செய்கிறது என்பது, அதை விழுங்குகிறவருக்கு அவசியம் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

எலும்பு ஜடப்பொருளன்று. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் ஓயாமல் தொழில் செய்வதால், வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. எலும்பு முறிந்தால் அவ்விடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வஸ்து சுரக்கிறது. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிற அதுவே, எலும்பு கட்டும் அணுக்களையும் தூண்டுகிறது. ஆஸ்பிரின் இந்தச் சுரப்பைத் தடுத்தே வலியைத் தணிக்கிறது என்று 1971-இல் கண்டுபிடித்த ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலிமாத்திரைகளான டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபனும் இவ்வழியிலேயே வேலை செய்கின்றன. ஆகவே வலியை அடக்கும்போது எலும்பு கூடும் வேலையும் மந்தப்படக்கூடும். பிராணிகளிடம் நடத்திய சோதனைகளில் இது தெளிவாகவே காணப்பட்டது. இடுப்பு மூட்டு மாற்றியபின் தசைக்குள் வேண்டாத எலும்பு வளராதிருக்க இண்டோமெதசின் என்ற வலிமருந்தை வைத்தியர்கள் கொடுப்பதே இதற்குச் சிறந்த சாட்சி. எனினும் மனிதர் விஷயத்தில் ஆராய்ச்சியாளரிடையே ஏகோபித்த முடிவு இல்லை. இரண்டொரு நாள் சாப்பிட்டதற்காக அஞ்சவேண்டியதில்லை என்பதே பலருடைய அபிப்பிராயம்.

என்னை மெய்யாகவே கலங்கச் செய்வது, பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில் வலிமாத்திரையோடு கலந்து வரும் ஸ்டீராய்டு. 1948-இல் அமெரிக்க வைத்தியர் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்கவே தடுமாறிய ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தியபோது, சில தினங்களுக்குள் அவள் எழுந்து நடந்த அற்புதத்தை உலகம் வியந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலேயே அதன் தீங்கும் வெளிப்பட்டது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன் முதலிய இவ்வின மருந்துகள், எலும்பு கட்டும் அணுக்களை ஒடுக்கி, குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதையும் குறைக்கின்றன. பிரெட்னிசோலோனை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டாலே முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் கூடுகிறது. சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்தவோட்டமின்றி மடிந்தும் போகிறது. பொட்டலம் வாங்குகிறவரோ, 'ஒரே வேளையில் கேட்டுது' என்று அதையே நாடி மறுபடியும் போகிறார்!

வலிமாத்திரையின் எரிச்சலுக்காகக் கூடவே விழுங்கும் கேஸ் மாத்திரையையும், வருஷக்கணக்கில் சாப்பிடுவோருக்கு எலும்பு முறிவு சற்று அதிகம் காணப்படுகிறது.

மாத்திரையை அட்டையோடு, பெயர் தெரிய, ரசீதுடன் கேட்டு வாங்கவேண்டும். நெடுநாள் பொட்டல மாத்திரை சாப்பிட்டவர்கள் இதைப் படித்ததும் அச்சத்தால் திடீரென்று நிறுத்திவிடலாகாது; ஸ்டீராய்டுக்குப் பழகிய சரீரம் தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். மிச்சமுள்ள மாத்திரைகளை அப்படியே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று காட்டினால், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறையை வைத்தியர்கள் வகுத்துக் கொடுப்பார்கள்.