சிம் கார்டுக்கு முதலாளி யார்? 49, 74, 100: ஒரு கணக்கு

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்.

வேலூர்ல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டினா சந்தவாசல். ஜவ்வாது மலை அடிவாரம். அங்கே ஒரு கடையில் ரீசார்ஜ் பண்ணிட்டு நின்னேன். நான் பாட்காஸ்ட் பண்றவன்னு தெரிஞ்சதும் அந்த அண்ணன் கடை முன்னால் தொங்குற நாலு போர்டையும் காட்டிக் கேட்டார்: "தம்பி, இதுல எது வெளிநாட்டுக் கம்பெனி, எது நம்ம கம்பெனி?"

சுலபமான கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனா பதில் சொல்ல ஆரம்பிச்சா சிக்கல். பி.எஸ்.என்.எல். முழுக்க அரசாங்கம், அதுல சந்தேகமில்லை. ஏர்டெல்லில் சிங்கப்பூரின் சிங்டெல் பல வருஷமா பெரிய பங்குதாரர். ஜியோவின் தாய் நிறுவனமான ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 2020ல் மெட்டா 9.99 சதவீதமும் கூகுள் 7.73 சதவீதமும் வாங்கினாங்க. வோடஃபோன் ஐடியாவுக்குப் பேர்தான் இங்கிலாந்துப் பேர். 2025 ஏப்ரலுக்குப் பிறகு அதுல ஏறக்குறைய 49 சதவீதம் வெச்சிருக்கிறது இந்திய அரசு. அதாவது, பேரைப் பார்த்தா வெளிநாடுன்னு தோணுற கம்பெனியில் மிகப் பெரிய பங்குதாரர் டெல்லி. அண்ணன் சிரிச்சிட்டார். "அப்ப எதுக்குத் தம்பி இத்தனை நாளா வெளிநாடு, உள்நாடுன்னு சண்டை போட்டாங்க?"

அந்தச் சண்டையோட கதைதான் இன்னைக்கு.

1994ல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தப்போ அரசுக்கு ரெண்டு தேவை. ஒண்ணு, பணம். செல்போன் நெட்வொர்க் போடுற அளவுக்கு மூலதனமும் அனுபவமும் நம்ம கம்பெனிகளிடம் இல்லை. ரெண்டு, பயம். நாட்டோட பேச்சு முழுக்க ஓடுற கம்பிக்கு வெளியாள் சொந்தக்காரரா இருக்கலாமா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண்ணை வெச்சாங்க: 49 சதவீதம். வெளிநாட்டுக்காரர் உள்ளே வரலாம், ஆனா பெரும்பான்மை இந்தியர் கையில்தான். அப்ப சென்னைக்குத் தனி லைசென்ஸ், மீதித் தமிழ்நாட்டுக்குத் தனி லைசென்ஸ். தமிழ்நாடு வட்டத்தில் பி.பி.எல். நிறுவனம் அமெரிக்காவின் யு.எஸ். வெஸ்ட்டோட கூட்டுச் சேர்ந்து வந்தது இப்படித்தான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. கவனமாக் கேளுங்க, பின்னாடி வர்ற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

ஒரு கம்பெனியில் 100 பங்கு. வெளிநாட்டு நிறுவனம் நேரா 49 வாங்குது. மீதி 51 ஒரு இந்திய ஹோல்டிங் கம்பெனி பேர்ல இருக்கு. சட்டப்படி எல்லாம் சரி. ஆனா அந்த ஹோல்டிங் கம்பெனியிலயும் அதே வெளிநாட்டு நிறுவனம் 49 சதவீதம் வெச்சிருக்குன்னு வெச்சுக்கோங்க. 51ல் 49 சதவீதம் எவ்வளவு? கிட்டத்தட்ட 25. நேரா 49, சுத்தி 25, மொத்தம் 74. காகிதத்துல 49, கல்லாப்பெட்டியில் 74.

2005 நவம்பரில் அரசு வரம்பை 74 ஆக்கினப்போ 'வெளிநாட்டுக்குக் கதவைத் திறந்துட்டாங்க'ன்னு சத்தம் எழுந்தது. என் பார்வையில் அது பாதிதான் திறப்பு. மீதிப் பாதி, ஏற்கெனவே ஜன்னல் வழியா உள்ளே வந்தவங்களை வாசல் வழியா வரச் சொன்னது. ஏன்னா புது விதியில் நேரடிப் பங்கு, மறைமுகப் பங்கு ரெண்டையும் கூட்டித்தான் 74. கூடவே நிபந்தனைகளும் வந்தன. இயக்குநர்களில் பெரும்பான்மை இந்தியக் குடிமக்கள். குறைந்தது 10 சதவீதம் பங்கு வெச்சிருக்கிற ஓர் இந்தியர் கட்டாயம் இருக்கணும். வாடிக்கையாளர் விவரம் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது.

அப்ப இதையெல்லாம் ஆய்வு செய்தது அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம். நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அதுக்கு வந்த பெரிய சோதனை 2007 வோடஃபோன் டீல். ஹட்ச் ஞாபகமிருக்கா? சின்னப் பையன் பின்னாடியே ஒரு நாய்க்குட்டி ஓடுமே, அந்த விளம்பரக் கம்பெனி. ஹாங்காங் ஹட்சிசன் தன் பங்கை சுமார் 1,110 கோடி டாலருக்கு வோடஃபோனிடம் விற்றது. வாரியம் கணக்குப் போட உட்கார்ந்தது. வோடஃபோனுக்கு 52 சதவீதம். கூட்டாளி எஸ்ஸாரின் 33ல் 22 மொரீஷியஸ் வழியா வந்ததால் அதுவும் வெளிநாட்டுக் கணக்கு. கூட்டினா 74. வரம்பு அங்கேயே முடிஞ்சுபோச்சு. மிச்சம் ஒரு 15 சதவீதம் சில இந்தியர்கள், ஓர் இந்திய நிதி நிறுவனம் பேர்ல இருந்தது. அந்த 15ஐ வாங்கப் பணம் கொடுத்தது யாரு? ஹட்சிசனுக்கு அதுல பிடி இருந்தா அதுவும் வெளிநாடு, 74 உடைஞ்சிடும். ரெண்டு மாசத்துக்கு மேல் குடைஞ்சு, கடைசியில் 2007 மே மாதம் வாரியம் அனுமதி கொடுத்தது. (இதே டீல் மேல வந்த வரி வழக்கு இன்னும் பிரபலம். அதுக்குத் தனி எபிசோட் வேணும்.)

கவனிச்சீங்களா? ஆய்வு முழுக்க ஒரே கேள்வி: பங்கு யார் பேர்ல இருக்கு? இந்தக் கேள்வி தப்பில்லை. ஆனா அது எவ்வளவு சின்னக் கேள்வின்னு தமிழ்நாடு 2018ல் தெரிஞ்சுகிட்டது.

ஏர்செல்லுக்கு வர்றேன்.

1999ல் சி. சிவசங்கரன் தமிழ்நாட்டில் ஆரம்பிச்ச கம்பெனி. நம்ம மாநிலத்தில் வேர் விட்டு வளர்ந்த நெட்வொர்க். சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் ஜெர்சியில் அந்தப் பேரைப் பார்த்தவங்க நிறையப் பேர் இதைக் கேட்டுக்கிட்டிருப்பீங்க. 74 விதி வந்த அடுத்த மாசமே, 2005 டிசம்பர் கடைசியில், மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லில் 74 சதவீதம் வாங்க ஒப்பந்தம் போட்டது. மீதி 26, அப்பல்லோ மருத்துவமனைக் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்துக்கு. 74, 26. சரியா வரம்பு விளிம்புல போய் நிக்குது. 2006 மார்ச்சில் வாரியத்தின் அனுமதியும் வந்தது.

மேக்சிஸின் முதலாளி ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர், யாழ்ப்பாணத்து வேர் உள்ள தமிழர். ஆஸ்ட்ரோ டி.வி.யும் அவருடையதுதான். 2024 நவம்பரில் இறந்தார். 'அந்நிய முதலாளி'ன்னு நாம பேசின ஆள் வீட்டுலயும் தமிழ்தான் வேர்ங்கிறது எனக்கு எப்பவும் வேடிக்கையா இருக்கும்.

அந்த டீல் பின்னாடி பெரிய அரசியல் வழக்காச்சு. அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் லைசென்ஸை இழுத்தடிச்சு, விற்க நெருக்கினார்ங்கிறது 2011ல் சிவசங்கரன் சி.பி.ஐ.யிடம் சொன்ன குற்றச்சாட்டு. மாறன் மறுத்தார். 2017 பிப்ரவரியில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் அவரையும் மத்தவங்களையும் அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. இன்னொரு வழக்கு, வாரியத்தின் அனுமதி பற்றியது. 600 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள முதலீட்டுக்கு நிதியமைச்சர் கையெழுத்து போதுமா, அமைச்சரவைக் குழுவுக்குப் போயிருக்கணுமா? பத்திரிகைகள் வருஷக்கணக்கா இதைத்தான் எழுதின. எல்லாமே உள்ளே வந்ததைப் பத்தின சண்டை. வெளியே போறதைப் பத்தி யாரும் பேசலை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விலை தரையைத் தொட்டது. ஏர்செல்லை ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட இணைக்கப் போட்ட திட்டம் 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. மேக்சிஸ் இனிமே பணம் போட மாட்டேன்னு நின்னுடுச்சு. 2018 ஜனவரி கடைசியில் குஜராத், மகாராஷ்டிரா உள்பட ஆறு வட்டங்களில் சேவை முடிஞ்சது. அங்கே முறைப்படி முன்னறிவிப்பு இருந்தது. லைசென்ஸைத் திருப்பித் தர்ற கம்பெனி அரசுக்கு 60 நாள் முன்னாடியும், வாடிக்கையாளருக்கு 30 நாள் முன்னாடியும் சொல்லணும்ங்கிறது விதி.

தமிழ்நாட்டில் லைசென்ஸைத் திருப்பித் தரலை. அதனால 30 நாள் அறிவிப்பும் இல்லை. டவர் நிறுவனங்களோட வாடகைப் பாக்கித் தகராறு. பிப்ரவரி மூணாவது வாரத்துல டவர்கள் அணைஞ்சுது, கோடிக்கும் மேற்பட்ட போன்களில் சிக்னல் போச்சு. விதி புத்தகத்தில் இருந்த பாதுகாப்பு எதுவும் வேலை செய்யலை, ஏன்னா காகிதத்தில் கம்பெனி இன்னும் ஓடிக்கிட்டிருந்தது.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமா படுது. வேற நெட்வொர்க்குக்கு மாறணும்னா என்ன பண்ணணும்? 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பணும், ஒரு போர்ட்டிங் கோடு திரும்பி வரும். எஸ்.எம்.எஸ். அனுப்ப சிக்னல் வேணும். சிக்னல் இல்லாததாலதானே மாற நினைக்கிறோம்! அந்த எண்ணுலதான் பேங்க் ஓ.டி.பி. வரும், கேஸ் புக்கிங் இருக்கு. ஆதாரை இணைக்கச் சொல்லிக் கெடு வெச்சிருந்த நேரமும் அதுதான். ஊர் ஊரா கடைகள் முன்னால் கூட்டம், சில இடங்களில் முற்றுகை. டவுனில் இருக்கிறவங்க புது சிம் வாங்கிச் சமாளிச்சிடலாம், பழைய எண் போனாலும். மலை மேல, ஒரே ஒரு கம்பெனி சிக்னல் மட்டும் எட்டுற ஊர்ல அந்த கம்பெனி அணைஞ்சா மாறிப் போக இடமே கிடையாது.

பிப்ரவரி 28ல் ஏர்செல் மும்பை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு போட்டது. டிராய் தலையிட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் போர்ட்டிங் கோடு உருவாக்கித் தரணும், அது ஏப்ரல் 15 வரை செல்லும்னு உத்தரவு போட்டது. உதவிதான். ஆனா தீ பிடிச்ச பிறகு வாங்கின வாளி.

இப்ப யோசிங்க. 74ங்கிற எண்ணைக் காப்பாத்த ஒரு வாரியம், அமைச்சகங்கள், சி.பி.ஐ., நீதிமன்றம் எல்லாம் வருஷக்கணக்கா உழைச்சது. 'பெரும்பங்கு வெச்சிருக்கிறவர் நாளைக்குக் கையை உதறினா நெட்வொர்க்கை ஆறு மாசம் ஓட்டப் பணம் எங்கேயிருந்து வரும்?'ங்கிற கேள்வி அனுமதி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டியது. இது வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இந்தியக் கம்பெனிதான், அதுவும்தான் திவாலாச்சு. ஆனா கடல் தாண்டி இருக்கிற முதலாளி நஷ்டத்தை எழுதிட்டுக் கிளம்பறது இன்னும் சுலபம்.

அதே ஆனந்த கிருஷ்ணனின் குழுமம்தான் ஸ்ரீலங்கா டெலிகாமில் ஏறக்குறைய 45 சதவீதம் வெச்சிருந்தது. 2023ல் இலங்கை அரசு தன் பங்கை விற்கக் கிளம்பினப்போ, நாடாளுமன்றத்தின் தேசியப் பாதுகாப்புக்கான மேற்பார்வைக் குழு அது ஆபத்துன்னு அறிக்கை கொடுத்தது. அங்கேயும் விவாதம் 'யார் உள்ளே வரப்போறாங்க'ங்கிறதுதான்.

இந்தியாவில் அப்புறம் எண்கள் வேகமா மாறின. 2013ல் 100 சதவீதம் வரை அனுமதி, ஆனா 49க்கு மேல் போனா அரசு ஆய்வு. 2017ல் அந்நிய முதலீட்டு வாரியத்தையே கலைச்சு, அந்தந்த அமைச்சகத்திடம் வேலையைக் கொடுத்தாங்க. 2020 ஏப்ரலில், இந்தியாவோட நில எல்லை உள்ள நாடுகளில் இருந்து முதலீடு வந்தா கட்டாயம் அனுமதி வேணும்னு விதி. யாரை மனசுல வெச்சுன்னு சொல்லத் தேவையில்லை. 2021 செப்டம்பரில் மத்தவங்களுக்கு 100 சதவீதமும் தானியங்கி வழி, அதாவது முன்அனுமதி கேட்காமலே. வோடஃபோன் ஐடியா பாக்கியில் மூழ்கிக்கிட்டிருந்த நேரம். வெளியிலிருந்து பணம் வரும்னு நினைச்சுக் கதவை முழுசாத் திறந்தாங்க. அதே திட்டத்தின்படி பாக்கியைப் பங்கா மாத்தி, 2023ல் 33 சதவீதம், 2025ல் 49 சதவீதம்னு உள்ளே போனது அரசே.

இப்ப ஆய்வின் கண் பங்கிலிருந்து வேற இடத்துக்கு நகர்ந்திருக்கு. 2021 ஜூன் 15ல் இருந்து, நெட்வொர்க்கில் போடுற கருவி 'நம்பகமான' மூலத்திலிருந்து வந்ததாங்கிறதுதான் பெரிய வடிகட்டி. 2025ல் ஸ்டார்லிங்குக்கு லைசென்ஸ் கொடுத்தப்போதும் பாதுகாப்பு நிபந்தனைகள்தான் முன்னால் நின்னுது. 1885ன் தந்திச் சட்டத்துக்குப் பதிலா 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 'லைசென்ஸ்' போய் 'அங்கீகாரம்'னு புது முறை வருது.

அந்த விதிகளைப் படிக்கிறவங்க முதலீட்டுச் சதவீதத்தைத் தாண்டி, சேவையை நிறுத்துறதைப் பத்தின பகுதிக்கு நேராப் போங்க. நான் அதுல தேடுறது மூணு விஷயம். லைசென்ஸைத் திருப்பித் தராமலே டவர் அணைஞ்சாலும் அந்த 30 நாள் அறிவிப்பு பொருந்துமா? சிக்னல் இல்லாமலே போர்ட்டிங் கோடு வாங்க நிரந்தர வழி இருக்கா? ஒரே நெட்வொர்க் மட்டும் உள்ள ஊரில், அது நின்னா பக்கத்து நெட்வொர்க் தற்காலிகமா ஏத்துக்கணும்னு கட்டாயம் இருக்கா?

சந்தவாசல் அண்ணனுக்கு இந்த எபிசோட் லிங்கை அனுப்பறேன். நீங்க படிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.